ஓடும் நீரில் இரு வினாக்கள்: தென்னாசிய அருவித் தாவரங்களும் பூச்சிகளும் பற்றிய களஆய்வு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

விரைந்தோடும் நீரில் பாறையைப் பற்றி வாழும் தாவரங்களையும் விலங்குகளையும் பற்றிய களஆய்வுகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையிலும் இந்தியாவிலும் நிகழ்ந்தன. பேராதனையில் ஜே. சி. வில்லிஸ் போடோஸ்டெமேசியே குடும்பத் தாவரங்களை ஆராய்ந்து, அவற்றின் வடிவ வேறுபாடுகளை இயற்கைத் தேர்வால் விளக்க இயலாது என்றார். கல்கத்தாவை மையமாகக் கொண்ட சுந்தர் லால் ஹோரா, அருவி விலங்குகளின் பற்றுறுப்புகளை ஆராய்ந்து, நீரோட்டத்தின் விசையே அவ்வுறுப்புகளை விளக்கும் என்றார். ஒரே வகைச் சூழலிலிருந்து எதிரெதிரான இரு முடிவுகள் தோன்றியமைக்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. வட்டாரக் களஆய்வு பொதுக் கோட்பாட்டிற்கு வழங்கக்கூடியது எது, அதன் எல்லை எது என்பதையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: நன்னீர் உயிரியல், போடோஸ்டெமேசியே, நீர்வாழ் பூச்சிகள், தகவமைவு, வில்லிஸ், ஹோரா, மேற்குத் தொடர்ச்சி மலை, பேராதனை.

1. முன்னுரை

அறிவியல் வரலாற்றில் வட்டார ஆய்வு என்பது பெரும்பாலும் தரவு திரட்டும் பணியாகவே கருதப்பட்டு வந்துள்ளது. காலனிய நாடுகளில் உயிரிகள் சேகரிக்கப்பட்டன. ஐரோப்பியத் தலைநகரங்களில் அவற்றுக்குப் பெயரும் கோட்பாடும் வழங்கப்பட்டன என்பது பொதுவான சித்திரம். இச்சித்திரம் பெருமளவு உண்மையே எனினும் முழுமையானதன்று. களத்திலேயே தங்கி, உயிருள்ள உயிரிகளைப் பருவந்தோறும் நோக்கி, அந்நோக்கிலிருந்தே கோட்பாட்டு வினாக்களை எழுப்பியவர்களும் இருந்தனர்.

அவ்வகை ஆய்வுகளுள் இரண்டு இங்கு ஒப்பிடப்படுகின்றன. ஒன்று தாவரங்களைப் பற்றியது. மற்றொன்று பூச்சிகள், மீன்கள், தலைப்பிரட்டைகள் ஆகியவற்றைப் பற்றியது. இரண்டுக்கும் களம் ஒன்றே: பாறைமீது விரைந்தோடும் நன்னீர். இரண்டும் எழுப்பிய வினாவும் அடிப்படையில் ஒன்றே: உயிரியின் வடிவம் அதன் சூழலுக்கு விடையளிக்கும் வகையில் அமைந்ததா? ஆயினும் விடைகள் வேறுபட்டன. இவ்வேறுபாட்டை ஆய்வாளர்களின் தனிப்பட்ட சார்பாக மட்டும் கொள்ளாமல், அவர்கள் எதை நோக்கினர், எதை அளந்தனர், எதை அளக்காது விட்டனர் என்னும் முறையியல் கோணத்தில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வுக்களத்தின் இயல்பு

அருவிப் பாறை வாழ்வதற்கு எளிய இடமன்று. மண் இல்லை, வேர் ஊன்ற இடமில்லை. மழைக்காலத்தில் நீர் பாறையை மூடி விரைந்தோடுகிறது. மழை ஓய்ந்தபின் நீர்மட்டம் தாழ, அதே பாறை வெயிலில் காய்கிறது. ஓராண்டிற்குள் வெள்ளம், வறட்சி என்னும் இரு எல்லைகளையும் தாங்கும் உயிரிகளே இங்கு நிலைக்க முடியும்.

போடோஸ்டெமேசியே குடும்பத் தாவரங்கள் இச்சூழலுக்கே உரியவை. ஏறத்தாழ 300 சிற்றினங்களைக் கொண்ட இக்குடும்பம் முற்றிலும் நீரில் வாழும் பூக்கும் தாவரக் குடும்பங்களுள் மிகப் பெரியது. பாறையில் படர்ந்திருக்கும் இவற்றைப் பார்ப்பவர் பாசி என்றோ ஈரல்செடி என்றோதான் எண்ணுவர். வேர், தண்டு, இலை என்னும் வழக்கமான பாகுபாடு பல சிற்றினங்களில் தெளிவாக இல்லை. பச்சை நிறமுள்ள தட்டையான வேரே சிலவற்றில் ஒளிச்சேர்க்கை செய்யும் உடலமாக விளங்குகிறது. நீர் நிறைந்த பருவத்தில் இவை வளர்கின்றன. நீர்மட்டம் தாழ்ந்து உடலம் வெளிப்பட்டதும் விரைந்து பூத்து, காய்த்து, நுண்ணிய விதைகளை உதிர்த்துவிட்டு மடிகின்றன. அடுத்த மழையில் பாறையில் ஒட்டிக்கொண்ட விதைகள் முளைக்கின்றன.

அதே பாறையில் பூச்சிகளின் இளவுயிரிகளும் வாழ்கின்றன. பிளெஃபரோசெரிடே குடும்பத்து ஈக்களின் இளவுயிரிகள் அடிவயிற்றில் வரிசையாக அமைந்த ஆறு உறிஞ்சிகளால் பாறையைப் பற்றுகின்றன. சிமுலிடே குடும்பத்துக் கருப்பு ஈக்களின் இளவுயிரிகள் பாறைமீது பட்டிழைத் திண்டை இட்டு, உடலின் பின்முனையில் உள்ள கொக்கிகளை அதில் மாட்டிக்கொள்கின்றன. செஃபெனிடே குடும்பத்து வண்டுகளின் இளவுயிரிகள் நாணயம் போல் தட்டையாகப் பாறையோடு படிந்திருக்கின்றன. டிரைகோப்டெரா வரிசையைச் சேர்ந்த சில பூச்சிகள் நீரோட்டத்திற்கு எதிரே நுண்வலை கட்டி, அடித்துவரப்படும் உணவைப் பிடிக்கின்றன. வெவ்வேறு வரிசைகளைச் சேர்ந்த இவை ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு தீர்வுகளைக் கொண்டுள்ளன.

3. முன்னோடிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தாவரங்களை விரிவாகப் பதிவு செய்தவர் ராபர்ட் வைட். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய படத்தொகுதி நூலுக்கு ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் படங்கள் வரைந்தனர். போடோஸ்டெமேசியே குடும்பத்து டால்செல்லியா என்னும் பேரினம் 1852இல் அந்நூலிலேயே வெளியிடப்பட்டது. உலர்த்தி அழுத்திய மாதிரிகளில் இச்செடிகளின் உருவம் பெரிதும் சிதைந்துவிடும். எனவே உயிருள்ள செடியை அருகிலிருந்து கண்டு வரைவது இக்குடும்பத்தைப் பொறுத்தவரை அலங்காரமன்று. ஆய்வின் இன்றியமையாத பகுதி.

டென்மார்க் நாட்டுத் தாவரவியலாளர் யூஜினியஸ் வார்மிங் 1881 முதல் இக்குடும்பத்தின் உடலமைப்பைத் தொடர் ஆய்வுகளாக வெளியிட்டார். தாவரச் சூழலியலின் தொடக்க நூல்களுள் ஒன்றான தாவரச் சமுதாயங்கள் பற்றிய நூலை 1895இல் எழுதியவரும் அவரே. ஆனைமலைப் பகுதியில் காணப்படும் ஒரு போடோஸ்டெமேசியே செடிக்கு 1901இல் அவர் வில்லிசியா என்னும் பேரினப் பெயரை அமைத்தார். பேராதனையில் பணிபுரிந்த வில்லிஸின் பெயர் இவ்வாறு தென்னிந்திய ஆற்றுப் பாறைச் செடி ஒன்றில் நிலைபெற்றது.

4. வில்லிஸும் பேராதனையும்

ஜான் கிறிஸ்டோபர் வில்லிஸ் (1868–1958) 1896இல் பேராதனை அரச தாவரவியல் பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்று 1912 வரை அப்பணியில் இருந்தார். அவருடைய காலத்தில், 1901 முதல், அப்பூங்கா தனக்கென ஓர் ஆய்விதழை வெளியிட்டது. இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் போடோஸ்டெமேசியே பற்றிய வகைப்பாட்டுத் திருத்தமும், அவற்றின் உருவியல், சூழலியல் பற்றிய ஏறத்தாழ 200 பக்க ஆய்வும் 1902இல் அவ்விதழிலேயே வெளிவந்தன. நிறுவனமும் ஆய்வுக்களமும் இதழும் ஒரே இடத்தில் அமைந்தமை குறிப்பிடத்தக்கது. மகாவலி கங்கை பூங்காவைச் சுற்றி ஓடுகிறது. பயணத்தின்போது ஒருமுறை பறித்த செடியை ஆராய்வதற்கும், விதை முளைப்பது முதல் மடிவது வரை ஒரே செடியை நோக்குவதற்கும் உள்ள வேறுபாடு வில்லிஸின் எழுத்துக்கு அடிப்படையாயிற்று.

அவருடைய வாதம் பின்வருமாறு அமைந்தது. இக்குடும்பத் தாவரங்கள் எங்கு வாழினும் ஒரே வகைச் சூழலில்தான் வாழ்கின்றன: வெப்ப மண்டலம், வழுவழுப்பான பாறை, விரைந்தோடும் நீர். பிற உயர்தாவரங்கள் அங்கு வாழ இயலாமையால் அவற்றுடன் போட்டி இல்லை. வெப்பநிலை ஏறத்தாழ மாறாதது. இத்துணை ஒருசீரான சூழலில் இத்துணை வடிவ வேறுபாடு ஏன்? சூழல் வேறுபடாதபோது, வேறுபாடுகளைத் தேர்ந்தெடுத்தது எது?

அவர் முன்வைத்த சான்றுகளுள் பூவின் அமைப்பு முக்கியமானது. பாறையில் கிடையாகப் படரும் உடலம் மேற்புறம், கீழ்ப்புறம் என வேறுபடுவது இயல்பு. ஆனால் அவ்வேறுபாடு பல சிற்றினங்களில் பூவிலும் காணப்படுகிறது. பூ இருபக்கச் சமச்சீர் உடையதாகிறது. பூக்கும் தாவரங்களில் இருபக்கச் சமச்சீர் பொதுவாகப் பூச்சிகளின் வருகையோடு தொடர்புடையது. இச்செடிகளின் பூக்களோ நிமிர்ந்து நின்று, காற்றாலோ தன்மகரந்தத்தாலோ கருவுறுகின்றன. அவற்றுக்கு அச்சமச்சீரால் விளையும் பயன் எதுவும் புலப்படவில்லை. உடலத்தின் கிடைநிலை வளர்ச்சி பூவின்மீதும் திணிக்கப்பட்டதே அதற்குக் காரணம் என்பது வில்லிஸின் கருத்து. விதைகளைப் பற்றியும் அவர் இவ்வாறே வாதிட்டார். வெள்ளத்தில் மிகப் பெரும்பாலான விதைகள் அடித்துச் செல்லப்படுகின்றன. வாழ்வின் மிக இடர்நிறைந்த கட்டத்திலேயே போதிய தகவமைவு காணப்படவில்லை.

1914இல் இலண்டன் இராயல் கழகத்தின் இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை, இக்குடும்பத்தில் தகவமைவு இல்லை என்பதைத் தலைப்பிலேயே அறிவித்தது. சிறு மாற்றங்கள் பயன்கருதி மெல்லத் திரண்டு சிற்றினங்கள் தோன்றின என்னும் விளக்கத்திற்கு மாறாக, சடுதி மாற்றங்களால் அவை தோன்றின என்னும் நிலைப்பாட்டை அவர் ஏற்றார்.

5. பாறையிலிருந்து புள்ளியியலுக்கு

வில்லிஸின் அடுத்த கட்ட ஆய்வு இலங்கைத் தாவரத் தொகுதி முழுவதையும் தழுவியது. ஹென்றி டிரைமன் தொடங்கிய இலங்கைத் தாவரக் கையேட்டில், ஒவ்வொரு சிற்றினமும் எவ்வளவு பரவலாக அல்லது அரிதாக உள்ளது என்னும் குறிப்பு இருந்தது. அதனை எண்ணிக்கையாக மாற்றிய வில்லிஸ், இலங்கைக்கு மட்டுமே உரிய சிற்றினங்கள் சராசரியாக மிக அரியன, இலங்கைக்கும் தென்னிந்தியத் தீவக்குறைக்கும் பொதுவானவை அவற்றினும் பரவலானவை, அதற்கு அப்பாலும் பரவியவை எல்லாவற்றினும் பரவலானவை எனக் கண்டார். குறுகிய பரப்பில் வாழும் சிற்றினம் அழிவை நெருங்கிய பழையதன்று, பரவத் தொடங்கிய புதியது என்பது அவருடைய முடிவு. 1922இல் வெளிவந்த 'காலமும் பரப்பும்' என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல் இக்கோட்பாட்டை விரிவாக முன்வைத்தது.

இக்கோட்பாடு கடும் மறுப்பைச் சந்தித்தது. ஒரு சிற்றினம் குறுகிய பரப்பில் இருப்பதற்குப் புதுமை மட்டுமே காரணமாக முடியாது. முன்பு பரந்து வாழ்ந்து பின்னர் ஒடுங்கிய எச்சமாகவும் அது இருக்கலாம் என்று தாவரப் புவியியலாளர்கள் வாதிட்டனர். பொதுவிதி என்னும் நிலையில் வில்லிஸின் கோட்பாடு நிலைபெறவில்லை.

ஆயினும் அதன் ஒரு கிளை வேறொரு துறையில் வேரூன்றியது. ஒரு குடும்பத்தில் ஒரே ஒரு சிற்றினம் மட்டும் கொண்ட பேரினங்கள் மிகப் பல, இரண்டு கொண்டவை அதனினும் சில, மிகப் பல சிற்றினங்கள் கொண்டவை மிகச் சில என்னும் ஒழுங்கை வில்லிஸ் கண்டிருந்தார். அவ்வொழுங்கிற்குக் கணித விளக்கம் அளித்தவர் புள்ளியியலாளர் ஜார்ஜ் அட்னி யூல். 1925இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, வில்லிஸின் முடிவுகளை அடிப்படையாகக் கொண்டது என்பதைத் தலைப்பிலேயே குறிப்பிட்டது. யூல் செயல்முறை என இன்று அறியப்படும் அம்மாதிரி பரிணாமக் கிளைமரங்களை ஆராய்வதில் அடிப்படைக் கருவியாக விளங்குகிறது. 1955இல் ஹெர்பர்ட் சைமன் அதே வகைக் கணிதத்தைச் சொற்களின் நிகழ்வெண், நகரங்களின் அளவு முதலியவற்றுக்கும் பொருத்தினார். வட்டாரத் தரவைக் கவனமாக எண்ணியவரின் விளக்கம் தோற்றது. அவர் கண்ட ஒழுங்கு நிலைத்தது. அறிவியல் வரலாற்றில் இவ்விரண்டையும் பிரித்து மதிப்பிட வேண்டியிருக்கிறது.

6. ஹோராவும் பற்றுறுப்புகளும்

வில்லிஸ் பேராதனையில் பணியாற்றிய காலத்திலேயே கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் நன்னீர் விலங்காய்வின் மையமாக வளர்ந்து வந்தது. அங்குப் பொறுப்பிலிருந்த நெல்சன் அன்னண்டேல் 1911இல் நன்னீர்ப் பஞ்சுயிரிகள் முதலியவற்றைப் பற்றிய தொகுதியை வெளியிட்டார். 1916இல் இந்திய விலங்கியல் மதிப்பாய்வகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் இயக்குநரானார். 1907இல் தொடங்கிய அருங்காட்சியக இதழ், நாட்டின் பல பகுதிகளில் நிகழ்ந்த களஆய்வுகளுக்கு வெளியீட்டு வாயிலாக அமைந்தது.

அம்மரபில் வந்தவர் சுந்தர் லால் ஹோரா (1896–1955). 1920இல் பவானியா என்னும் மீன் பேரினத்தை அவர் அமைத்தார். பவானி ஆற்றின் பெயரைத் தாங்கிய அது, மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பாறையோடு படிந்து வாழும் சிறு மீனுக்கு உரியது. 1922இல் மலையோடை மீன்களின் உடலமைப்பு மாற்றங்களையும், அடுத்த ஆண்டுகளில் காசி மலை ஓடைகளின் விலங்குகளையும் பற்றி எழுதினார். 1930இல் இராயல் கழகத்தின் இதழில் வெளிவந்த நூறு பக்கத்திற்கு மேற்பட்ட ஆய்வு, அருவி விலங்குகளின் சூழலியலையும் பரிணாமத்தையும் பற்றுறுப்புகளைச் சிறப்பாகக் கொண்டு விளக்கியது.

ஹோராவின் முறை ஒப்பீட்டு முறை. மீனின் மார்பிலுள்ள தோல்மடிப்பு, தலைப்பிரட்டையின் உறிஞ்சு வாய், ஈயின் இளவுயிரியிலுள்ள உறிஞ்சிகள், வண்டின் இளவுயிரியின் தட்டை உடல் என உறவற்ற விலங்குக் குழுக்களில் ஒத்த பணிபுரியும் உறுப்புகளை அவர் அருகருகே வைத்தார். அவை யாவும் விரைந்தோடும் நீரிலேயே காணப்படுவதால், நீரோட்டத்தின் விரைவே அருவி விலங்குகளின் உடலமைப்பை வடிவமைக்கும் தலையாய காரணி என்றார். வில்லிஸுக்குச் சூழல் ஒருசீராக இருந்தமை தகவமைவுக்கு எதிரான சான்று. ஹோராவுக்கோ அதே ஒருசீர்மையிலிருந்து பல குழுக்கள் ஒத்த வடிவை அடைந்தமை தகவமைவுக்கு ஆதரவான சான்று.

1949இல் ஹோரா முன்வைத்த சாத்பூரா கருதுகோளும் இவ்வாய்வின் தொடர்ச்சியே. கிழக்கு இமயத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உறவுடைய அருவி மீன்கள் வாழ, இடைப்பட்ட சமவெளியில் அவை இல்லாமையை, சாத்பூரா மலைத்தொடர் வழியாக அவை முற்காலத்தில் பரவின என்று விளக்கினார். அருவிக்கே உரிய உறுப்பு கொண்ட உயிரி சமவெளியைக் கடக்க இயலாது என்பதே அதன் அடிநிலை ஊகம். அக்கருதுகோள் பின்னர்ப் பல விவாதங்களுக்கு உள்ளாயினும், பற்றுறுப்பைப் புவியியல் வரலாற்றின் சான்றாக வாசிக்க முடியும் என்பதை அது காட்டியது.

7. முரண்பாட்டின் வேர்

இரு ஆய்வாளர்களும் கூர்ந்து நோக்கியவர்கள். எனவே முரண்பாட்டிற்கான காரணத்தை அவர்கள் தொடங்கிய இடத்தில் தேட வேண்டும். வில்லிஸ் வேறுபாட்டிலிருந்து தொடங்கினார்: ஒரே சூழலில் ஏன் பல வடிவங்கள்? ஹோரா ஒற்றுமையிலிருந்து தொடங்கினார்: பல குலங்களில் ஏன் ஒரே வடிவம்? முதல் வினா தகவமைவு விளக்காத எச்சத்தை முன்னிறுத்தும். இரண்டாம் வினா தகவமைவு விளக்கும் பகுதியை முன்னிறுத்தும். எனவே அவர்தம் விடைகள் முற்றிலும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒரே நிகழ்வின் இரு பக்கங்களைத் தொட்டவை.

ஆயினும் இருவருக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. அருவியின் சூழல் ஒருசீரானது என்பதை இருவரும் தத்தம் வாதத்தின் அடித்தளமாகக் கொண்டனர். ஒரே பாறையின் மேல்விளிம்பும் அடிப்பகுதியும் ஒரே விரைவில் நனைவதில்லை. ஒரே நாளில் நீரிலிருந்து வெளிப்படுவதுமில்லை. ஒளியும் ஆழமும் கொந்தளிப்பும் ஓர் அடி இடைவெளியிலேயே மாறுபடுகின்றன. மனிதரின் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அருவி, சில மில்லிமீட்டர் அளவுள்ள இளவுயிரிக்கும் முளைவிதைக்கும் பல சூழல்களின் தொகுப்பாகும். அவற்றை அளக்கும் கருவி அன்று இல்லை.

அளவீடு பின்னர் வந்தது. பாறைப் பரப்பை ஒட்டி நீரின் விரைவு குறையும் மெல்லிய எல்லைப் படலத்தை 1959இல் அம்பூல் ஆராய்ந்தார். தட்டையான பூச்சிகள் அப்படலத்திற்குள் ஒதுங்கி நீரோட்டத்திலிருந்து தப்புகின்றன என்னும் விளக்கம் பாடநூல்களில் இடம்பெற்றது. 1982இல் ஸ்டாட்ஸ்னர், ஹோம் இருவரும் லேசர் டாப்ளர் முறையால் விலங்கின் உடலைச் சுற்றிய ஓட்டத்தை அளந்தபோது, நிலைமை அவ்வளவு எளிதன்று என்பது தெரியவந்தது. உடலைச் சுற்றிய ஓட்டம் எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது. தட்டை வடிவம் என்பதாலேயே பாதுகாப்பு என்று முடிவு செய்ய இயலாது. வடிவத்தைப் பார்த்து அதன் பயனை ஊகிக்கும் முறைக்கு இது ஓர் எச்சரிக்கை.

தாவரத்தின் பக்கத்திலும் இத்தகைய திருத்தம் நிகழ்ந்தது. போடோஸ்டெமேசியே செடிகள் பாறையைப் பற்றுவதில் நுண்ணுயிரிகளாலான ஒட்டும் படலத்திற்குப் பெரும் பங்கு உண்டு என 2000இல் யேகர்-சூர்ன், க்ரூபர்ட் இருவரும் காட்டினர். விதையுறையும் நனைந்தவுடன் பசைத்தன்மை பெறுகிறது. வில்லிஸ் தகவமைவு போதாது என்று கருதிய கட்டத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஏற்பாடு இருந்தது. எனினும் அவர் எழுப்பிய வினா முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. இக்குடும்பம் ஹைபெரிகேசியே குடும்பத்திற்கு நெருங்கிய உறவுடையது என மூலக்கூறு ஆய்வுகள் நிறுவியபின், வழக்கமான தண்டும் இலையும் கொண்ட முன்னோரிடமிருந்து இத்துணை மாறுபட்ட உடலம் எவ்வாறு தோன்றியது என்பது முன்னினும் கூர்மையான வினாவாகியுள்ளது.

8. தென்னிந்தியப் பூச்சியாய்வு: பெயரிடுதலின் தேவை

கோட்பாட்டு வினாக்களுக்கு விடை காண, முதலில் உயிரிகளுக்குப் பெயர் வேண்டும். இந்திய மருத்துவப் பணியில் அறுவை மருத்துவராக இருந்த எஃப். சி. ஃபிரேசர் (1880–1963) தும்பி, ஊசித்தட்டான் ஆகியவற்றை இப்பகுதியில் விரிவாக ஆராய்ந்தார். மேற்கு இந்தியத் தும்பிகள் பற்றி 1924இல் வெளிவந்த அவருடைய ஓர் ஆய்வில் மட்டும் 30 புதிய சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன. 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று தொகுதிகள் இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்களாக உள்ளன. ஆனால் அவர் திரட்டிய மாதிரிகளின் முக்கியப் பகுதி இலண்டன் அருங்காட்சியகத்திற்குச் சென்றது. பிற்கால இந்திய ஆய்வாளர் ஒரு சிற்றினத்தை ஐயமறத் தெளிய, தம் ஊர் ஓடையில் வாழும் உயிரியை அயல்நாட்டு மாதிரியோடு ஒப்பிட வேண்டிய நிலை அதனால் உருவானது.

மே ஈக்கள் எனப்படும் எபிமெரோப்டெரா வரிசையில் இந்நிலையை மாற்றிய முயற்சிகளுள் மதுரையைச் சேர்ந்த கே. ஜி. சிவராமகிருஷ்ணனின் பணி குறிப்பிடத்தக்கது. 1984இல் அவர் விவரித்த பீட்டர்சுலா என்னும் புதிய பேரினத்தின் சிற்றினப் பெயர் குற்றாலத்தைக் குறிக்கிறது. 1985இல் எட்மன்ட்சுலா என்னும் பேரினத்தை விவரித்தார். பேரினப் பெயர்கள் இரண்டும் இவ்வரிசையை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்களைச் சிறப்பிப்பவை. சிற்றினப் பெயரோ தமிழக அருவியைச் சுட்டுவது. பன்னாட்டு அறிவுத் தொடர்பும் வட்டாரக் களமும் ஒரே பெயரில் இணைந்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இப்பெயரிடலின் பயன் வகைப்பாட்டோடு முடிவதன்று. மே ஈக்களின் இளவுயிரிகள் நீரின் தூய்மையை உணர்த்தும் குறிகாட்டிகள். ஓடையில் எவ்வகைப் பூச்சிகள் உள்ளன என்பதைக் கொண்டு நீரின் நிலையை மதிப்பிடும் முறைகள் பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் உருவாயின. அவற்றை அப்படியே இங்குப் பொருத்தினால், அந்நாட்டுக் குடும்பங்களுக்கு வழங்கிய மதிப்பெண்ணே இங்குள்ளவற்றிற்கும் வழங்கப்படும். வட்டாரச் சிற்றினங்களின் தாங்குதிறனை வட்டார ஓடைகளிலேயே அறிவதன்றி இதற்கு வேறு வழியில்லை. அதற்கு முன்தேவை இளவுயிரியையும் அதன் முதிர்ந்த பூச்சியையும் இணைத்து அடையாளம் காணும் பொறுமையான களப்பணி.

9. ஒரே பாறை, இரு துறைகள்

வில்லிஸ் தாவரங்களை ஆராய்ந்தார். ஹோரா விலங்குகளை ஆராய்ந்தார். பாறையில் அவை பிரிந்து வாழவில்லை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஆறுகளில் வாழும் போடோஸ்டெமம் செடியைப் பற்றிய ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. அச்செடியைப் பாறையிலிருந்து அகற்றிய சோதனை 2004இல் வெளியிடப்பட்டது. செடி அகற்றப்பட்ட இடங்களில் நீரடிப் பூச்சிகளின் எண்ணிக்கை குறைந்தது. செடியின் கிளைகள் பூச்சிகளுக்குப் பற்றுமிடமாகவும், நீரோட்டத்திலிருந்து ஒதுங்குமிடமாகவும், உணவுத் துகள்கள் தங்குமிடமாகவும் பயன்படுகின்றன.

இம்முடிவு நம் வட்டாரத்திற்கு முக்கியமானது. பற்றுறுப்பு கொண்ட பூச்சி பாறையை மட்டுமே பற்றி வாழ்கிறது என்று கொண்டால் ஒரு விளக்கம் கிடைக்கும். செடி படர்ந்த பாறையில் அது வாழ்கிறது என்று கொண்டால் வேறு விளக்கம் கிடைக்கும். தாவரவியல் துறையும் விலங்கியல் துறையும் தனித்தனியே மாதிரி எடுத்துத் தனித்தனியே பாதுகாத்து வந்தமையால் இவ்விணைப்பு நெடுங்காலம் வினாவாகக்கூட எழவில்லை. தென்னிந்திய, இலங்கை ஆறுகளில் இரு துறையினரும் ஒரே பாறையில், ஒரே பருவத்தில், இணைந்து மேற்கொள்ளும் ஆய்வு வில்லிஸ், ஹோரா இருவரின் வினாக்களையும் புதிய நிலைக்கு உயர்த்தக்கூடும்.

இதற்கான கால எல்லை விரிந்துகொண்டிருக்கவில்லை. இச்செடிகளின் வாழ்க்கைச் சுழற்சி நீர்மட்டத்தின் பருவ ஏற்றத்தாழ்வைச் சார்ந்தது. உரிய காலத்தில் நீர் தாழாவிடில் பூப்பதில்லை. நீர் மீண்டும் ஓடாவிடில் விதை முளைப்பதில்லை. மகாவலித் திட்டத்தின் கீழ் 1976இல் பொல்கொல்லையிலும், 1985இல் கொத்மலை, விக்டோரியா ஆகிய இடங்களிலும் கட்டுமானங்கள் செயற்பாட்டுக்கு வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகள் பலவற்றிலும் மின்உற்பத்திக்கும் பாசனத்திற்கும் அணைகள் எழுந்தன. இவற்றின் தேவையை மறுக்க இயலாது. ஆனால் அணைக்குக் கீழே நீர் திறக்கும் காலம் மின்தேவையால் முடிவாகும்போது, பருவமழையின் ஒழுங்கிற்கேற்ப வாழ்ந்த உயிரிக்கு அது புதிய சூழல். ஒரு நூற்றாண்டுக்கு முன் செய்யப்பட்ட களப்பதிவுகள், இம்மாற்றத்தை அளப்பதற்கான ஒப்பீட்டு அடிப்படையாகவும் அமைகின்றன. பழைய வகைப்பாட்டு ஆய்வுகளுக்கு அவற்றின் ஆசிரியர்கள் எதிர்பாராத இப்பயன் இன்று கிடைத்துள்ளது.

10. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, வட்டாரக் களஆய்வு கோட்பாட்டிற்குத் தரவை மட்டும் வழங்கவில்லை, வினாவையும் வழங்கியது. பேராதனையின் ஆற்றங்கரையிலிருந்து எழுந்த வினா இயற்கைத் தேர்வின் எல்லையைப் பற்றியது. மலையோடைகளிலிருந்து எழுந்த வினா சூழலின் ஆற்றலைப் பற்றியது. இரண்டும் உயிரியலின் மைய வினாக்கள்.

இரண்டாவது, களத்தில் நீண்டகாலம் இருந்து நோக்குவது தேவையானது. ஆனால் அதுமட்டும் போதுமானதன்று. ஒருசீரானது என்று கண் காட்டிய சூழலை அளவீடு பல்வேறானது என்று காட்டியது. நோக்கலும் அளவீடும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல.

மூன்றாவது, ஆய்விதழ், மாதிரிக் காப்பகம், பெயரிடும் திறனுடைய வல்லுநர் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் அமைந்தபோதே வட்டார ஆய்வு செழித்தது. பேராதனையும் கல்கத்தாவும் அதற்குச் சான்று. மூலக்கூறு முறைகள் வளர்ந்துள்ள இக்காலத்திலும் ஓடையிலிருந்து எடுத்த இளவுயிரியைப் பார்த்து அதன் பேரினத்தைச் சொல்லக்கூடியவர் இன்றியமையாதவர். அத்திறன் நூலால் மட்டும் கைமாறுவதில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக நீரில் இறங்கிக் கல்லைப் புரட்டிப் பார்க்கும்போதே அது கைமாறுகிறது. நம் கல்லூரிகளின் தாவரவியல், விலங்கியல் துறைகள் அருகிலுள்ள ஓர் ஓடையையாவது பருவந்தோறும் பதிவுசெய்யும் பழக்கத்தை நிலைநிறுத்துமாயின், வில்லிஸும் ஹோராவும் தொடங்கிய விவாதத்தில் பங்குகொள்ளும் தகுதி அவற்றிற்கு உண்டாகும்.